நிறுவனம் மூடியும் ஓடிய வாட்ச்

ஸ்மார்ட் வாட்ச் செய்த நிறுவனமே மூடப்பட்டால், கையில் கட்டிய வாட்ச் என்னவாகும்? பெபிள் நிறுவனத்துக்கு 2016இல் அதுதான் நடந்தது. ஆனால் ரெபிள் என்ற ஆர்வலர் குழு, இணையச் சேவைகளைத் தானே நடத்தி அந்த வாட்ச்களைக் காப்பாற்றியது. பின்னர் பெபிள் மென்பொருளின் உரிமை கூகுளிடம் வந்தது. 2025 ஜனவரியில் கூகுள், அந்த மென்பொருளின் பெரும்பகுதி மூலநிரலையே எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல காரியம்!

பைன்டைம் வாட்சில் ஓடும் இன்ஃபினிடைம் மென்பொருளோ தொடக்கம் முதலே திறந்த மூலநிரல். வெறும் 64 கிலோபைட் நினைவகத்தில் நேரம், இதயத்துடிப்பு, நடந்த அடிகள் எல்லாம் காட்டுகிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையர் எழுதிய சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் இதே திறந்த மூலநிரல் வழியில் வந்ததே.

அலவத்துகொட, கண்டி மாணவர்களே, இன்ஃபினிடைமுக்குப் பங்களிக்க சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி தெரிந்தால் போதும். அதைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வசதி உண்டு. வாட்ச் வாங்காமலே தொடங்கலாம்.