முகச் சுருக்க ஊசியும் மருத்துவர் பயிற்சியும்

முகச் சுருக்கங்களை ஊசிமருந்தால் நீக்கும் முறை இன்று நகரங்களில் பரவியுள்ளது. பார்ப்பதற்கு இஃது எளிய செயலாகத் தோன்றும். எனினும் ஊசிமுனை சிறிது பிசகினும் பெருங்கேடு விளையக்கூடும். ஆதலின் இதனைச் செய்யும் மருத்துவரின் கை முறையாகப் பழக்கப்படுதல் இன்றியமையாதது.

இதற்குப் பயன்படும் பொட்டுலினம் என்னும் நச்சுப்பொருள் ஒருவகைப் பாக்டீரியாவினின்று பெறப்படுகிறது. நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதை இது தடுப்பதால் தசை தளர்கிறது. இவ்விளைவு மூன்று அல்லது நான்கு மாதங்கள் நீடிக்கும். அமெரிக்க அரசு 1989இல் மாறுகண், இமை இசிவு ஆகிய நோய்களுக்கும், 2002இல் புருவ இடைச் சுருக்கத்திற்கும் இதனை ஏற்றது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் தசை இசிவு நோயாளருக்கு இம்மருந்து துயர் தணிக்கிறது.

பெங்களூரில் 1900இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையும் 1955இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் இணைந்து இயங்குகின்றன. இத்தகைய இடங்களில் தோல்நோய் முதுநிலைப் படிப்பு மூன்றாண்டு நடைபெறுகிறது. பயிற்சி மருத்துவர் முதலில் முகத்தின் தசைகளையும் இரத்தக் குழாய்களையும் கற்றறிதல் வேண்டும். அடுத்தது அளவு. ஒருவகைத் தயாரிப்பில் 100 அலகு மருந்தை 2.5 மில்லிலிட்டர் உப்புநீரில் கரைத்தால், 0.1 மில்லிலிட்டரில் 4 அலகு அமையும். புருவ இடையில் ஐந்து இடங்களில் இடுவது மொத்தம் 20 அலகு. ஒரு தயாரிப்பின் அலகு மற்றொன்றிற்குப் பொருந்தாது. மருந்து கண்ணருகே பரவினால் இமை தாழ்ந்து, வாரக்கணக்கில் அவ்வாறே இருக்கலாம்.

பின்னர் மாதிரி உருவங்களில் பழகி, மூத்தவர் செய்வதைக் கண்டு, அவர் முன்னிலையிலேயே நோயாளிக்கு ஊசியிடுதல் முறை. இது புதிய கருத்தன்று. தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் குத்திப் பழகுமாறு சுசுருதர் நூல் மாணவர்க்கு விதிக்கிறது.

குழிவை நிரப்பும் ஹயலுரானிக் அமிலக் கூழ் இன்னும் அபாயமானது. அது இரத்தக் குழாயுட் புகுந்தால் தோல் அழுகும், கண்பார்வையும் போகலாம். கூழைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்தை அருகில் வைத்திருக்கவும், தாமதமின்றி இடவும் மருத்துவர் பயில வேண்டும்.

தமிழர் பலர் வாழும் ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் பணியாற்றும் நல ஊழியரும் ஆசிரியரும் மக்களுக்கு இரண்டு செய்திகளை எடுத்துரைக்கலாம். அழகு நிலையங்களில் பயிற்சியற்றோரிடம் ஊசி போட்டுக்கொள்ளலாகாது. ஊசியிட்டபின் கடும் வலி, தோல் வெளிறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழித்திரை இரத்தமின்றி நெடுநேரம் தாங்காது.