கத்தினா கிடைக்காது டைம் அவுட்!

“சார், டைம் அவுட்... டைம் அவுட்!”

தொண்டை கிழியக் கத்தினேன். ரெஃப்ரி கண்டுக்கவே இல்லை.

சங்கரன்கோவிலில் ஒரு பாஸ்கெட்பால் மேட்ச். கடைசி 20 நொடி. எதிர் டீம் ஒரு கூடை போட்டு, ஒரு பாயின்ட் முன்னே போயாச்சு. பந்து என் கையில். டிரிபிளையும் நிறுத்தித் தொலைச்சுட்டேன். ஆடித்தபசு கோமதி அம்மன் மாதிரி ஒத்தக்கால் தவம்! சுத்தி ரெண்டு நெட்டைப் பசங்க.

விசில் சத்தம். அப்பாடானு நிமிர்ந்தா, பந்து அவங்களுக்கு! ஒட்டி நின்று மறிக்கும்போது 5 நொடிக்குள் பாஸ், ஷூட், டிரிபிள் ஏதாவது ஒண்ணு செஞ்சாகணும். நான் கத்திக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். ஒரு பாயின்ட்டில் தோல்வி.

“டி.வி.யில என்.பி.ஏ. பாத்துட்டு வந்து இங்க ஆடாதலே” என்றார் பி.டி. சார். அப்புறம்தான் ரூல் புக்கைப் புரட்டினேன்.

என்.பி.ஏ.வில் பந்தை வச்சிருக்கிற பிளேயரே டைம் அவுட் கேட்கலாம். நம்ம ஊரில் ஆடுறது ஃபிபா ரூல். இதில் கோச்சோ, அசிஸ்டென்ட் கோச்சோதான் ஸ்கோர் டேபிளில் போய்க் கேட்கணும். கேட்டதும் கிடைக்காது, விசில் ஊதி கடிகாரம் நிற்கணும். இல்லைன்னா எதிர் டீம் நமக்குக் கூடை போட்டிருக்கணும்.

அதாவது, அவங்க கூடை போட்ட அந்த நொடிதான் எங்க சான்ஸ்! அதற்குள் சார் டேபிளில் சொல்லியிருந்தா, 60 நொடி யோசிக்கக் கிடைச்சிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. கடைசி 2 நிமிஷத்தில் இப்படி டைம் அவுட் எடுத்தா, நம்ம கூடைக்குக் கீழே இருந்து பந்தை எறியாம, எதிர் பாதியில் இருந்தே எறியலாம். பாதி கோர்ட் மிச்சம்! இது சாருக்கும் ஞாபகம் வரலை, எனக்கும் தெரியலை.

நானாவது பரவாயில்லை. 1993 ஏப்ரல் 5, அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபைனல். நார்த் கரோலினாவிடம் மிச்சிகன் 73-71 எனப் பின்தங்கி இருந்தது. 11 நொடி பாக்கி. மூலையில் மாட்டிய கிறிஸ் வெப்பர் டைம் அவுட் கேட்டார். அந்த ரூல்படி பிளேயர் கேட்கலாம். ஆனா, டீமிடம் ஒரு டைம் அவுட்கூட மிச்சம் இல்லை! டெக்னிகல் ஃபவுல். ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிர் டீமுக்கு. 77-71ல் கோப்பை போச்சு. அப்போ அவருக்கு 20 வயசு. எனக்கும் இப்போ அதே 20!

வெப்பர் அதோட முடங்கிடலை. என்.பி.ஏ.வில் கலக்கி, 2021ல் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரை போயிட்டார்.

மேட்ச்சுக்கு முன்னாடி மனசுல ஏத்திக்கோங்க:

* முதல் பாதியில் 2 டைம் அவுட், ரெண்டாம் பாதியில் 3. முதல் பாதி மிச்சம் அடுத்த பாதிக்கு வராது.

* கடைசி 2 நிமிஷத்தில் அதிகபட்சம் 2தான். ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு மூணையும் பதுக்கினா ஒண்ணு காலி.

* ஓவர்டைம் ஒவ்வொண்ணுக்கும் 1.

* பந்து கிடைச்சா 8 நொடியில் நடுக்கோட்டைத் தாண்டணும், 24 நொடியில் ஷூட் பண்ணணும்.

இப்பல்லாம் மேட்ச்சுக்கு முன்னாடி நானே சாரிடம் போய், “சார், கடைசி ரெண்டு நிமிஷம் டேபிள் பக்கத்துலயே நில்லுங்க”னு சொல்லிடறேன். முறைக்கிறார். ஆனா, நிக்கிறார்!