பாரிட் புந்தார் வீதிகளில் தேர்தல் பதாகைகள்: ஒரு மொழிநோக்கு

தமிழகத்திலிருந்து தேர்தல் காலத்தில் மலேசியாவுக்கு வரும் பயணியை முதலில் வியக்க வைப்பவை கொடிகளே. அங்குத் தலைவர்தம் முகங்கள் பெறும் இடத்தை இங்குக் கட்சிக் கொடிகள் பெறுகின்றன. இச்சூழலில் தமிழ்மொழி பெறும் இடத்தைப் பாரிட் புந்தாரை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

பேராக், பினாங்கு, கெடா ஆகிய மும்மாநில எல்லைகள் கூடும் கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது இந்நகர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். ஆதலின், இங்குத் தமிழ் வாக்காளர் புதியவர் அல்லர்.

எழுத்தறிவு குறைந்த காலத்தில் வாக்காளருக்கு வழிகாட்டியது சின்னமே. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி பாய்மரக் கப்பலைக் கொண்டிருந்தது. அதன் வழிவந்த தேசிய முன்னணி 1974இல் தராசை ஏற்றது. தமிழகத்தில் உதயசூரியனும் இரட்டை இலையும் பல்லாண்டுகளாக நிலைத்து நிற்க, இங்கோ கூட்டணி மாறுந்தோறும் சின்னமும் மாறுகின்றது. பாரிட் புந்தாரில் 2008, 2013 ஆகிய ஆண்டுகளில் பாஸ் கட்சியின் நிலாச் சின்னத்தில் வென்ற முஜாஹிட் யூசோப் ராவா, 2018இல் அமானா கட்சியினராக நின்றார். அப்போது அவர்தம் கூட்டணி தீபகற்பத்தில் பிகேஆர் கட்சியின் சின்னத்தைப் பொதுவாகப் பயன்படுத்தியது. முகம் ஒன்று, சின்னம் வேறு. இத்தகைய மாற்றத்தை விளக்கும் பொறுப்பு சொற்களையே சாரும்.

ஆயின், நாம் கண்ட பதாகைகளில் தமிழ் பெரும்பாலும் மலாய்த் தொடர்களின் கீழ்ச் சிற்றெழுத்தில் நின்றது. ஒன்றில், 'தேர்தல்' என்னும் சொல்லின் கொம்பு தகரத்துக்குப் பின்னே விழுந்திருந்தது. கணினி முதலில் தகரத்தையும் அடுத்து ஏகாரக் குறியையும் சேமிக்கின்றது. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் பணி. அவ்வசதியற்ற மென்பொருளில் சொல் சிதைகின்றது. தமிழறியாத வடிவமைப்பாளர் அச்சிதைவை உணர வழியில்லை.

மலேசியாவின் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டமும், இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயர் முகவரிகள் இடம்பெற வேண்டும் என்கின்றன. சுவரொட்டிக்குப் பொறுப்பாளர் உண்டு. அதன் தமிழுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர்ப் பேரணிக்குப் பின், 'மக்கள் சக்தி' என்னும் தொடர் 2008 தேர்தல் களத்தில் பிற இனத்தார் நாவிலும் ஒலித்தது. அது மொழிபெயர்ப்பன்று; தமிழர்தம் உணர்விலிருந்து நேரே பிறந்த தொடர்.

எனவே, தேர்தல் பதாகையைக் கடந்துபோகும் காட்சியாகக் கருதாமல், மொழிப்பயன்பாட்டுச் சான்றாகத் தமிழாசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். அச்சேறுமுன் பிழைதிருத்தித் தரவும் முன்வரலாம். பிழைபட்ட ஒரு வரி, அதனைப் படிக்கும் வாக்காளரிடம் அவர் பொருட்படுத்தப்படவில்லை என்பதையே தெரிவிக்கின்றது.