நாற்பது பாகத்துக்குக் கீழே

நீர்மூழ்கிக் கப்பல் எவ்வாறு தாழ்கிறது, எவ்வாறு மீண்டும் மேலெழுகிறது என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். தாழ்ந்த கப்பல் எழ இயலாமல் கடலடியிலேயே கிடந்துவிட்டால் உள்ளே உயிரோடிருப்பவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு, 1920களில் அமெரிக்கக் கடற்படையிடம் உருப்படியான விடை எதுவும் இருக்கவில்லை. அந்த விடையைத் தேடுவதையே தம் வாழ்க்கையின் பிரதான காரியமாக ஏற்றுக்கொண்டவர் சார்லஸ் மாம்சன். எங்கள் மணப்பட்டுக் கரையில் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. அந்தக் கணக்கிலேயே அவர் சரித்திரத்தையும் சொல்லுகிறேன்.

1896இல் பிறந்த மாம்சன், கடற்படைக் கல்லூரியிலிருந்து முதலாண்டிலேயே வெளியேற்றப்பட்டு, விடாமுயற்சியால் மறுபடியும் நியமனம் பெற்று உள்ளே நுழைந்து தேறியவர். 1925 செப்டம்பரில் அவர் எஸ்-1 என்னும் நீர்மூழ்கியின் தலைவராக இருந்தபோது, தோழமைக் கப்பலான எஸ்-51 ஒரு வணிகக் கப்பலால் மோதுண்டு சுமார் 22 பாக ஆழத்தில் மூழ்கியது. தேடிச் சென்ற மாம்சனுக்குத் தென்பட்டது நீர்ப்பரப்பில் மிதந்த எண்ணெய்ப் படலம் மாத்திரமே. கீழே கிடந்தவர்களுள் பலர் அவர் நன்கறிந்த நண்பர்கள். பிழைத்தவர்கள் மூவர்.

அந்தத் துயரத்தினின்று பிறந்ததுதான் அவருடைய யோசனை. அடிப்புறம் திறந்த, மணி வடிவான ஓர் இரும்புக் கூண்டைக் கயிற்றின் வழியே இறக்கி, மூழ்கிய கப்பலின் மேல்வாயிலைச் சுற்றிப் பொருத்திவிட்டால், உள்ளிருப்பவர்கள் உடல் நனையாமல் ஏறி வரலாம் என்று அவர் விண்ணப்பம் எழுதினார். மறுமொழி வரவேயில்லை. பின்னர் அவர் கப்பல் நிர்மாணப் பிரிவுக்கு உத்தியோக மாற்றம் பெற்றுச் சென்றபோது, தாம் அனுப்பிய அதே காகிதம் அங்கே கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். தாமே நேரில் வாதாடிப் பார்த்தும், நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அது தள்ளப்பட்டது.

1927 டிசம்பரில் எஸ்-4 என்னும் நீர்மூழ்கி மூழ்கியது. இதை எழுதும்போது என் நெஞ்சு கனக்கிறது. 40 பேர் இருந்த அக்கப்பலின் முன்னறையில் ஆறு பேர் உயிரோடிருந்து, இரும்புச் சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டி, மேலிருந்து இறங்கிய முக்குளிப்போரோடு தந்திக் குறியீட்டில் பேசினார்கள்; விரைந்து வருமாறு மன்றாடினார்கள். மேலே புயல், கீழே, 20 பாகம்கூட இல்லாத ஆழத்தில், சுவாசிக்கக் காற்று குறைந்துகொண்டே வந்தது. ஒருவரும் மீளவில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன்பே அந்த விண்ணப்பத்தை யாரேனும் ஒருவர் சிரத்தையோடு படித்திருந்தால் அந்த ஆறு பேருக்கேனும் ஒரு வழி கிடைத்திருக்குமோ என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

அதன்பின் மாம்சன் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. ஹாப்சன், டிபல்ஸ் என்னும் இருவரின் துணையோடு, மார்பின்மேல் தொங்கும் ஒரு ரப்பர்ப் பையை உருவாக்கினார். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவைப் பைக்குள்ளிருக்கும் சோடாச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ள, முன்கூட்டியே நிரப்பிய பிராணவாயு கலந்து அதே மூச்சு திரும்பி வரும். அதைக் கவ்விக்கொண்டு கயிற்றைப் பற்றி மெள்ள மெள்ள மேலேற வேண்டும். அவசரப்பட்டு மூச்சை அடக்கி எழுபவனுக்கு, அழுத்தம் குறையக் குறைய நெஞ்சிலுள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்பதனால், பையைவிடப் பயிற்சியே முக்கியமாயிற்று. இச்சோதனைகளில் தம் சரீரத்தையே முதலில் பணயம் வைத்த மாம்சன், 200 அடி ஆழம்வரை சென்று மீண்டதற்காக உயர்ந்த விருது பெற்றார்.

கூண்டும் உயிர் பெற்றது. எஸ்-1 கப்பலில் சிறு விமானம் வைப்பதற்கென இருந்த இரும்பு உருளையை வெட்டி முதல் மாதிரி செய்யப்பட்டது. மாம்சன் வேறு பணிக்கு மாற்றப்பட, அதைத் திருத்தி முடித்த ஆலன் மக்கான் என்ற அதிகாரியின் பெயரே அதற்கு நிலைத்தது. மக்கானின் உழைப்பும் பெரிதே. ஆயினும் முதலில் கண்டவன் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

1939 மே 23ஆம் தேதி காலை, நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால், ஸ்குவாலஸ் என்னும் புதிய நீர்மூழ்கி சோதனைக்காகத் தாழ்ந்தபோது, மூடியிருக்க வேண்டிய பெரிய காற்றுவழி திறந்திருந்ததனால் பின்னறைகளில் கடல் புகுந்தது. 26 பேர் மாண்டனர். 33 பேர் முன்பகுதியில் உயிரோடு, சுமார் 40 பாக ஆழத்தில் கிடந்தனர். வாஷிங்டனிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட மாம்சன் மீட்புப் பணியை நடத்தினார். முக்குளிப்போருள் ஒருவர் இறங்கி மேல்வாயிலில் கம்பிவடத்தை மாட்டினார். கூண்டு அவ்வடத்தைத் தன்னுள் சுற்றிக்கொண்டே இறங்கி வாயிலின்மீது அமர்ந்தது. கூண்டின் கீழறையிலிருந்த நீரை வெளியேற்றியதும் கடலின் அழுத்தமே அதைக் கப்பலோடு இறுக்கிப் பிடித்தது. முதலில் ஏழு பேர், பின் ஒன்பது, மீண்டும் ஒன்பது. எஞ்சிய எட்டுப் பேரோடு நான்காவது முறை எழுகையில் வடம் சிக்கி, மேலிருந்து தூக்கிய கம்பியும் புரி புரியாக அறுந்து வந்தது. மாம்சன் கூண்டைத் திரும்பக் கடலடியில் இறக்கச் சொல்லி, முடிவில் மாலுமிகளின் கைகளாலேயே இழுக்கச் செய்தார். நள்ளிரவு கடந்த பிறகு அவர்கள் மேலே வந்தார்கள். 33 பேரும் பிழைத்தனர்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், இலக்கில் பட்டும் வெடிக்காத டார்பிடோக்களின் குறையைக் கண்டறிய அவர் ஹவாய்த் தீவொன்றின் பாறைமீது அவற்றை ஏவச் செய்து, வெடிக்காததைத் தாமே நீரில் இறங்கித் தேடினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1967 மே மாதத்தில் அவர் காலமானார். அதே வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி நம் நாட்டின் முதல் நீர்மூழ்கியான கல்வரி கடற்படையில் சேர்ந்தது.

நம்மிடம் இப்போது மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்குமாக இரண்டு ஆழ்கடல் மீட்பு ஊர்திகள் உள்ளன. அவை 650 மீட்டர்வரை இறங்க வல்லவை. மூழ்கிய கப்பலின் வாயிலைக் கவ்வி, இடையிலுள்ள நீரை அகற்றி, அழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் முறை அன்றைய கூண்டின் முறையேதான். 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்கலா என்னும் நீர்மூழ்கி காணாமற்போனபோது விசாகப்பட்டினத்திலிருந்து நம் ஊர்தி புறப்பட்டது. ஆனால் அக்கப்பல் 800 மீட்டருக்கும் கீழே உடைந்து கிடந்தது, 53 பேரும் மாண்டனர். கப்பலின் உடல் தாங்கும் ஆழத்துக்கு அப்பால் எந்த ஊர்திக்கும் வேலையில்லை.

ஸ்குவாலஸைப் பின்னர் மேலே தூக்கிய முக்குளிப்போர், ஆழத்தில் புத்தி மயங்காதிருக்க ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தார்கள். அந்தக் கலவையும் மாம்சனுடைய பரிசோதனைச் சாலையில் ஆராய்ந்து தேர்ந்ததே. அதை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.