கான்கிரீட் சாலைக்கு அடியில் வெற்றிடம்: 'கிரௌட்' கலவை எப்போது கைகொடுக்கும்?

கான்கிரீட் நெடுஞ்சாலையில் வாகனம் ஒவ்வொரு இணைப்பைக் கடக்கும்போதும் 'தடக் தடக்' என அதிர்ந்தால், அடுத்தடுத்த பலகைகள் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். இந்தக் கோளாறு பெரும்பாலும் மேலே தெரியும் கான்கிரீட்டில் தொடங்குவதில்லை. அதற்கு அடியில் உருவாகும் வெற்றிடமே முதற்காரணம். அந்த வெற்றிடத்தை நிரப்பவே 'கிரௌட்' எனப்படும் நீர்த்த கலவை செலுத்தப்படுகிறது.

2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புணே விரைவுச்சாலை, 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை போன்றவை கான்கிரீட்டால் ஆனவை. இத்தகைய சாலைகள் பொதுவாக 30 ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு பலகையின் எடை சுமார் 11 டன். ஆயினும் அது தாங்கி நிற்பது அடித்தளத்தின் துணையால்தான்.

பலகைகளுக்கு இடையிலான இணைப்பில் பூசப்பட்ட அடைப்பான் தேய்ந்துபோனால் மழைநீர் உள்ளே இறங்குகிறது. கனரக வாகனம் கடக்கும்போது பலகையின் விளிம்பு சற்றே அமிழ்ந்து, அடியிலுள்ள நீரை நுண்மண்ணோடு பீய்ச்சி வெளியேற்றுகிறது. மழைக்குப் பின் இணைப்புகளின் ஓரம் சேற்றுக்கறை காணப்பட்டால் அது இதன் அடையாளம். ஆயிரக்கணக்கான முறை இது நிகழ்ந்தபின் மூலைகள் தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கின்றன, பின்னர் முறிகின்றன. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கான எடை வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

வெற்றிடத்தைக் கண்டறிய, குறிப்பிட்ட எடையைப் பலகையின் மீது விழச்செய்து, அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கருவிகளால் அளக்கின்றனர். நடுப்பகுதியைவிட மூலை மிக அதிகமாக அமிழ்ந்தால் அடியில் வெற்றிடம் இருக்கக்கூடும். நண்பகல் வெயிலில் பலகைகள் விரிந்து ஒன்றையொன்று நெருக்குவதால் உண்மை நிலை மறைந்துவிடும். ஆகவே வெயில் ஏறுவதற்கு முன்பே இச்சோதனை நடத்தப்படுகிறது.

அதன்பின் பலகையில் சில சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைகள் இடப்பட்டு, கலவை குறைந்த அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு உலர் சாம்பல் என்பது பரவலாகக் கையாளப்படும் விகிதம். இக்கலவை இறுகும்வரை சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். விரிவடையும் பாலியூரிதேன் கலவை மிக விரைவாக இறுகும். ஆனால் விலை அதிகம்.

இப்பணியில் கடினமானது எப்போது நிறுத்துவது என்பதே. பலகையின் மீது வைக்கப்பட்ட அளவுமானி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்வைக் காட்டினாலோ, அடுத்த துளையில் கலவை வெளிப்பட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். மீறிச் செலுத்தினால் பலகை மேலெழும்பி, கலவை திரண்ட சில இடங்களில் மட்டும் அமர்ந்து, சுற்றிலும் புதிய வெற்றிடங்கள் உண்டாகும். நன்றாக இருந்த பலகையும் விரிசல் விடும். (தாழ்ந்துபோன பலகையைத் திட்டமிட்டு உயர்த்துவது வேறு வகைப் பணி.) எனவே, செலுத்திய கலவையின் அளவுக்கு மட்டும் பணம் தரும் ஒப்பந்தம் இப்பணிக்குப் பொருந்தாது, அது மிகையாகச் செலுத்தவே தூண்டும்.

கிரௌட் பலகைக்குப் புதிய வலிமை தருவதில்லை. இழந்த தாங்கலை மட்டுமே மீட்கிறது. துண்டு துண்டாக உடைந்த பலகையை அது ஒட்டவைக்காது. அப்பகுதியை முழு ஆழத்துக்கு வெட்டியெடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும். ஆகவே விரிசல் தோன்றுவதற்கு முன்பே, வெற்றிடம் உறுதியான இடங்களில் மட்டும் இதைச் செய்வதே பயனளிக்கும்.

பணி முடிந்ததும் அதே சோதனை மீண்டும் செய்யப்பட்டு, அமிழ்வு குறைந்துள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. துளைகள் அடைக்கப்படுகின்றன. அடுத்த பருவமழைக்குள் இணைப்புகளுக்குப் புதிய அடைப்பான் பூசி, ஓர வடிகால்களையும் தூர்வாராவிட்டால், நீர் மீண்டும் அதே வழியில் இறங்கும்.