லேட் மார்க் யாருக்கு?

ஆபீஸ் போகும் ஊர் – 9

காலை எட்டரை மணிக்கு மேல் மும்பையின் குர்லா ஸ்டேஷன் மேல்பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சுற்றியுள்ள அலுவலகங்கள் எப்படி நடக்கின்றன என்பது பாதி விளங்கிவிடும். கல்யாண், டோம்பிவலி பக்கமிருந்து வரும் ஃபாஸ்ட் லோக்கல் நிற்பதற்கு முன்பே வாசலில் தொங்கியவர்கள் குதித்துவிடுகிறார்கள். பன்வேல், வாஷியிலிருந்து ஹார்பர் வண்டியில் வந்தவர்கள் படிக்கட்டில் அவர்களோடு முட்டிக்கொள்கிறார்கள். மேற்கு வாசலுக்கு வெளியே பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போகும் ஷேர் ஆட்டோவுக்குக் கூட்டம். அதில் நிற்பவர்கள் 'வண்டி லேட்' என்று மேலதிகாரிக்குச் செய்தி தட்டிக்கொண்டிருப்பார்கள். சிலர் பிளாட்பார இண்டிகேட்டரையே படம் பிடித்து அனுப்புவார்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள், சாட்சி வேண்டும் என்பது பழகிப்போயிருக்கிறது. பகல் பன்னிரண்டுக்கு இதே பாதையில் வரும் வண்டியில் உட்காரவே இடம் கிடைக்கிறது. அப்படியானால் இந்த நெரிசலை ரயில்வே மட்டும் உண்டாக்கவில்லை. நகரத்தின் அலுவலகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மணி நேரத்துக்குள் ஆள் வந்து சேர வேண்டும் என்று கேட்பதும் சேர்ந்தே உண்டாக்குகிறது. அந்தக் கட்டாயத்தில் பெரும்பகுதி, வேலையை அளக்கத் தெரியாத நிர்வாகம் வருகையை அளப்பதால் வந்தது என்பதே இந்த வாரத்து வாதம்.

நேரக் கட்டாயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886-ல் தொடங்கிய சுதேசி மில் இந்தக் குர்லாவில்தான் இருந்தது. அந்தக் கால ஆலையில் ஒரே எஞ்சின் சுற்றும் தண்டிலிருந்து தறிகள் எல்லாம் ஓடும். எஞ்சின் ஓடத் தொடங்கும்போது ஆள் இல்லையென்றால் அந்தத் தறி சும்மா கிடக்கும். அதனால் சங்கு ஊதினால் ஆள் உள்ளே இருந்தாக வேண்டும். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் அமலானபோது பம்பாய்க் கடிகாரம் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. சூரியனைப் பார்த்து எழுந்து வந்தவர்கள் அத்தனை நிமிடம் முன்னதாக ஆலைக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அந்த மாதமே ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. இன்று காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்களில் எல்லோரையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் தண்டு எதுவும் கிடையாது. ஒருவர் கணக்குச் சரிபார்க்கிறார், இன்னொருவர் அறிக்கை எழுதுகிறார். ஆனால் ஆலையின் விதி மட்டும் அப்படியே குடிபெயர்ந்து வந்துவிட்டது. மஸ்டரில் பத்து மணிக்குச் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் இப்போது கைரேகைப் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

விதியின் வாசகத்தைப் பார்த்தால் நிர்வாகத்தின் மனசு தெரியும். 2024 ஜூனில் மத்தியப் பணியாளர் துறை மத்திய அரசு ஊழியர்களுக்கு நினைவூட்டியது இது: கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் அரை நாள் தற்செயல் விடுப்பு போகும். மூன்று லேட் மார்க்குக்கு ஒரு ஆஃப் டே என்பது தனியார் அலுவலகங்களில் பலருக்கும் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. காலையில் பன்னிரண்டு நிமிடம் தாமதமானவர் சாயங்காலம் ஏழரை வரை உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தாலும், அந்த ஒன்றரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தாமதம் குற்றமென்றால், அது ஊழியர் பக்கம் நடக்கும்போது மட்டும்தான் குற்றம். காரில் வரும் மேலதிகாரி பத்தேகாலுக்கு வந்தால் 'வெளியே மீட்டிங்' என்று ஆகிவிடுகிறது. லோக்கலில் வரும் குமாஸ்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊரில் அதிக தூரத்திலிருந்து வருகிறவர், அதிகம் நசுங்கி வருகிறவர் யாரோ, அவருக்கே விதி அதிகக் கறாராக இருக்கிறது.

'கூட்டத்தைக் குறைப்பது ரயில்வேயின் வேலை, வண்டியைக் கூட்டட்டும்' என்பது முதல் மறுப்பு. கூட்டத்தான் செய்கிறார்கள். நாட்டின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் குர்லாவுக்குத்தான் ஓடியது. நான்கு பெட்டியில் தொடங்கியது இன்று பன்னிரண்டு, பதினைந்து என்று வளர்ந்திருக்கிறது. ஆனாலும் உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 14 முதல் 16 பேர் நிற்பதாக ரயில்வேயே கணக்கிட்டிருக்கிறது. 2025 ஜூன் 9 காலை மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்தார்கள். அன்றே நான்கு பேர் இறந்தார்கள். புதிய பாதைக்கு நிலமும் பணமும் ஆண்டுகளும் வேண்டும். அலுவலக நேரத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டும் நடக்க வேண்டியவைதான். செலவில்லாததை முதலில் செய்வதில் என்ன தடை என்பதே கேள்வி.

'நேரத்தைத் தளர்த்தினால் ஒழுங்கு போய்விடும், குழுவாக வேலை நடக்காது' என்பது இரண்டாவது, வலுவான மறுப்பு. இதற்கு அறுபது ஆண்டு அனுபவம் பதில் சொல்கிறது. மூனிக் அருகே ஓட்டோப்ரூனில் இருந்த பெல்கோ விமான நிறுவனம் 1967-லேயே நெகிழ்நேரத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததால் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசல்தான் அதற்கு ஒரு காரணம். பகலில் சில மணி நேரம் எல்லோரும் இருந்தாக வேண்டும், முன்னும் பின்னும் அவரவர் வசதி என்பதே ஏற்பாடு. கூட்டம் போடவும் கலந்து பேசவும் அந்தப் பொது நேரம் போதும். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2024-ல் நேச்சர் இதழில் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் மதிப்பீடும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கண்ணெதிரே இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை.

மூன்றாவது மறுப்பில் நியாயம் உண்டு. வங்கிக் கவுன்டர், மருத்துவமனை, பள்ளிக்கூடம், காவலாளி, துப்புரவுப் பணியாளர் – இவர்கள் நினைத்த நேரத்துக்கு வர முடியாது. உண்மைதான். அதனாலேயே மற்றவர்கள் நகர்ந்து இவர்களுக்கு வண்டியில் இடம் விட வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேரத்தை மாற்றுவது என்றாலே நிர்வாகங்கள் பின்னே தள்ளுவதைத்தான் நினைக்கின்றன. பதினொன்றரைக்கு வரும் பெண் ஊழியர் எட்டு மணிக்குக் கிளம்பி, இருட்டில் கடைசி ஆட்டோ பிடித்து வீடு சேர வேண்டியிருக்கும். ஏழரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்பும் வாய்ப்பும் சேர்ந்து கிடைத்தால், தேர்வும் ஊழியர் கையில் இருந்தால்தான் இது சலுகை. இல்லாவிட்டால் இன்னொரு ஷிஃப்ட்.

மத்திய ரயில்வே 2023 நவம்பர் முதல் மும்பையில் தன் அலுவலக ஊழியர்களை இரண்டு நேரமாகப் பிரித்தது. மற்ற நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதியது. இசைந்தவை சொற்பம். மும்ப்ரா விபத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக், தனியார் அலுவலக நேரங்களை மாற்றுவது பற்றி ஆராயக் குழு அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். குழுவுக்காகக் காத்திருக்காமல் எந்த அலுவலகமும் ஒரு காரியம் செய்யலாம். மூன்று மாத லேட் மார்க் பட்டியலையும், அதே மூன்று மாதத்தில் யார் எந்த வேலையை எப்போது முடித்தார் என்ற பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் விதி இருக்கட்டும். தொடர்பு இல்லையென்றால் விதியை எடுத்துவிடலாம். இரண்டாவது பட்டியலே கைவசம் இல்லாத அலுவலகமானால், அங்கே லேட் மார்க் வாங்க வேண்டியது நிர்வாகம்தான்.

(தொடரும்)