ஆடும் குறியை இறுக்குவது

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள் நீண்ட ரைஃபிள்களைச் செய்தார்கள். எட்டுப் பட்டை இரும்புக் குழல், ஒரு மீட்டருக்கு மேல் நீளம். முனையில் மெல்லிய தகடாக முன்குறி. பின்னால், நடுவில் வெட்டு விட்ட பின்குறி. இவற்றைப் பிடித்திருப்பது திருகு அல்ல. குழலின் குறுக்கே, வாய் குறுகி அடி அகன்ற காடியை அரத்தால் அராவி, அதே வடிவ அடித்தட்டுள்ள குறியைப் பக்கவாட்டில் தட்டி ஏற்றியிருப்பார்கள். தச்சு வேலையில் புறாவால் மூட்டு என்பது இதுதான்.

குறி மேலே எழும்பாது, பக்கவாட்டில் மட்டும் நகரும். அது வேண்டுமென்றே விட்ட வசதி. குண்டு இடப்புறம் போனால் பின்குறியை வலப்புறம் தட்டலாம், அல்லது முன்குறியை இடப்புறம் தட்டலாம். ஆனால் தட்டத் தட்ட இரும்பு தேய்ந்து, கடைசியில் விரலால் தள்ளினாலே குறி நகர்ந்துவிடும். இரு குறிகளுக்கும் இடையே 85 சென்டிமீட்டர் என்றால், முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினாலும் 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தள்ளிப்போகும்.

பழுதில் கை வைக்குமுன் குழல் காலிதானா என்று பார்க்க வேண்டும். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் திறந்து பார்க்க வழியில்லை. கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, அது அடிவரை இறங்குகிறதா என்று அளப்பார்கள்.

பிறகு பித்தளைத் துண்டை வைத்து, பெரும்பாலோர் வழக்கப்படி இடமிருந்து வலமாகத் தட்டிக் குறியைக் கழற்றுவார்கள். அதைக் கவிழ்த்து, அடியில் சென்டர் பஞ்சால் நாலைந்து புள்ளி குத்துவார்கள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உலோகம் மெல்லிய விளிம்பாகப் புடைக்கும். திரும்ப வலப்பக்கமிருந்து ஏற்றும்போது அந்தப் புடைப்பு குறியை மேலே தள்ள, அதன் சரிவான ஓரங்கள் காடியின் உதட்டில் போய் இறுகும். இடைவெளி அதிகமென்றால் அடியில் பித்தளைத் தகடு ஒன்று வைக்கலாம்.

காடியின் உதட்டையே சுத்தியலால் தட்டிக் குறுக்குபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறி கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். குழலில் விழுந்த வடு போகாது. பசை போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. அடுத்த முறை நகர்த்தச் சூடு காட்டவேண்டி வரலாம். ஈயப்பற்றும் அப்படித்தான்.

இறுக்கியதும் முதலில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்யுங்கள். பிறகு குறியின் அடித்தட்டிலிருந்து குழல்வரை ஊசியால் ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். அடுத்தடுத்துச் சுடும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தால், வேலையைத் திரும்பச் செய்யவேண்டியதுதான்.